சாயங்கால விலை

அந்தக் கடைத்தெருவில் பூங்கொத்து வாங்க வருகிறவர்களில் பாதிப் பேர் பகலில் எட்டிக்கூடப் பார்க்க மாட்டார்கள். பொழுது சாயட்டும் என்று காத்திருப்பார்கள். வெயில் இறங்கியதும் பூக்கடைக்காரி வாளிகளை வாசலுக்கு நகர்த்தி, 'பாதி விலை' என்று எழுதிய அட்டையைத் தொங்கவிடுவாள். காலையில் முறுக்கிக்கொண்டு நின்ற ரோஜாவெல்லாம் அப்போது கேட்ட விலைக்குப் போகும். அதனால் அவளுக்குச் 'சாயங்கால அக்கா' என்றே பேர் விழுந்துவிட்டது.

விற்பதில்தான் அப்படி என்றில்லை, வாங்குவதிலும் அப்படித்தான். மொத்தச் சந்தையில் ஏலமெல்லாம் ஓய்ந்து, வியாபாரிகள் வீட்டுக்குக் கிளம்பத் துடிக்கிற நேரத்தில்தான் போய் நிற்பாள். வீட்டிலிருக்கும் பிரிட்ஜ், ஷட்டர் பாதி இறங்கிய கடைக்குள் குனிந்து நுழைந்து வாங்கியது. கெட்டுப்போகிற சரக்கைக் காலையில் வாங்குகிறவன் ஏமாளி, இவ்வளவுதான் அவளுடைய மொத்தப் படிப்பும். இத்தனை வருஷத்தில் அது அவளை ஒருமுறைகூடக் கைவிட்டதில்லை. அதுதான் வம்பாகப் போயிற்று.

கடல் தாண்டி வேலைக்குப் போன ஒரே மகள் பிள்ளை உண்டாகியிருந்தாள். "பிரசவத்துக்கு நீ பக்கத்துல இருக்கணும்மா" என்று அவள் போனில் சொன்னாள். பூக்கடைக்காரியும் அவள் புருஷனும் சேர்ந்தே போவதென்று முடிவாயிற்று. விசாவும் வந்தது. வங்கியில் இருந்த பணம் இரண்டு டிக்கெட்டுக்குத் தாராளமாகப் போதும். பேசாமல் வாங்கியிருக்கலாம்.

"இன்னிக்கே போட்டுடலாம்" என்றார் புருஷன். அவர் நகரப் பேருந்து ஓட்டுகிறவர். வண்டி காலியோ நிறைந்ததோ, நேரமானால் கிளப்பிவிடுவார். யாருக்காகவும் காத்திருந்து பழக்கமில்லை.

"அவசரப்படாதீங்க. இறங்கும்" என்றாள் அவள்.

அடுத்த தெருவில் டிக்கெட் போட்டுத் தரும் அம்மாள் ஒருத்தி இருந்தாள். மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அதையே நாளெல்லாம் தேடுகிறவள். பூக்கடைக்காரி அவளெதிரே உட்கார்ந்து விசாரணையை ஆரம்பித்தாள்.

"இந்த சீட்டு விக்காமப் போச்சுன்னா என்ன ஆகும்?"

"என்ன ஆகும்? காலியா போகும்க்கா."

"மறுநாள் அதை விக்க முடியுமா?"

"அதெப்படி முடியும்? பிளேன்தான் போயிடுச்சே."

"அப்போ என் ரோஜாவை விட மோசம். ரோஜா வாடினா இதழை உதிர்த்தாவது விப்பேன். இது கிளம்பின நிமிஷமே குப்பை. அப்படின்னா கடைசி நாள்ல சும்மா குடுக்காத குறையா குடுக்கணுமே."

"குடுக்கறதில்லக்கா. கடைசியில ஏறத்தான் செய்யும்."

"ஏன்?"

விலையை மெஷின் போடுகிறது, தனக்குத் தெரிந்தது அவ்வளவுதான் என்று டிக்கெட்டம்மாள் கையை விரித்துவிட்டாள். அந்த 'ஏன்' பூக்கடைக்காரியைப் பிடித்துக்கொண்டது. அழுகுகிற சரக்கு அழுக அழுக விலை ஏறுமா? எந்த ஊர் நியாயம் இது? சந்தையில் யாராவது இப்படி வியாபாரம் பண்ணினால் அடிக்க வருவார்கள்.

அன்றிலிருந்து கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு போனில் அந்த விலையைப் பார்க்க ஆரம்பித்தாள். ரோஜாத் தண்டின் முள்ளைச் சீவுகிற நேரத்தில் ஒருமுறை, வாளித் தண்ணீர் மாற்றுகிற நேரத்தில் ஒருமுறை. வருகிறவர் போகிறவரை எல்லாம் கேட்டாள். செவ்வாய்க்கிழமை பார்த்தால் குறையும் என்றார் பேக்கரிக்காரர். ஒரே போனில் பார்த்தால் கண்டுபிடித்து ஏற்றிவிடுவான் என்றான் போன் ரிப்பேர் கடைக்காரன். அதை நம்பி, பூ வாங்க வந்தவர்களின் போனையெல்லாம் கடன் வாங்கிப் பார்த்தாள். கல்யாண நாளுக்குப் பூங்கொத்து வாங்க வந்த ஒரு மனிதர், வீட்டுக்குப் போய்ப் பெண்டாட்டியிடம் எதற்காக வெளிநாட்டு டிக்கெட் தேடினார் என்று மாட்டிக்கொண்டு முழித்ததாகக் கேள்வி.

விலையும் அவளோடு விளையாடியது. ஒருநாள் கொஞ்சம் இறங்கும். "பாத்தீங்களா" என்பாள். மறுநாள் ஏறும். "மேல போனாத்தானே கீழ வரும்" என்பாள். இரண்டுக்கும் பதில் வைத்திருந்தாள். உண்மையைச் சொன்னால், அந்த விளையாட்டு அவளுக்குப் பிடித்துப்போயிற்று. எதற்காக டிக்கெட் என்பது பின்னுக்குப் போய், எப்படி இறங்கும் என்பது முன்னால் வந்து நின்றது.

மகள் ஒவ்வொரு முறை பேசும்போதும், "டிக்கெட் போட்டாச்சா?" என்று கேட்டாள்.

"போடுவோம்டி. நான் பாத்துக்கறேன்."

ஒரு சாப்பாட்டு நேரத்தில் புருஷனுக்கும் அவளுக்கும் பெரிய வாக்குவாதம் வந்தது. "இது பூ இல்ல, புரிஞ்சுக்கோ" என்றார். "எல்லாம் பூதான்" என்றாள். அவர் ஒரு பக்கப் பல்லால் மென்றபடியே எழுந்து போனார். மறுபக்கக் கடைவாய்ப் பல்லெல்லாம் போய் ரொம்ப நாளாயிற்று, கட்ட வேண்டும் என்று பணம் சேர்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு டிக்கெட் என்ற பேச்சையே அவர் எடுக்கவில்லை. மகளும் கேட்பதை நிறுத்திவிட்டாள். குழந்தை உதைப்பதைச் சொல்வாள், அங்கே பெய்கிற மழையைச் சொல்வாள், வைத்துவிடுவாள். ஒருவழியாக இரண்டு பேரும் தன் வழிக்கு வந்துவிட்டார்கள் என்று பூக்கடைக்காரி நிம்மதியாக இருந்தாள்.

விலை என்னவோ மளமளவென்று ஏறிக்கொண்டிருந்தது.

ஒருநாள் சாயங்காலம் அட்டையைக் கழற்றி, ஷட்டரில் கையை வைத்தபோது ஒருவர் ஓடிவந்தார். ஒரு காலில் ஒரு செருப்பு, மறுகாலில் வேறொன்று. மலர்வளையம் வேண்டும் என்றார். அப்பா என்று மட்டும் சொன்னார், அதற்கு மேல் வரவில்லை. அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரவைத்தாள். வளையத்தை எடுத்து, மீந்திருந்த வெள்ளைப் பூவையெல்லாம் நெருக்கிச் செருகினாள். காலையில் வந்த பூ. இன்னும் கொஞ்ச நேரத்தில் பாதிக்குப் பாதி விலைக்குக்கூடப் போகாத பூ.

"எவ்வளவு?" என்று அவர் கேட்கவில்லை. அவளே சொன்னாள். சொன்னது காலை விலை, முழு விலை. யோசித்துச் சொல்லவில்லை, வளையம் கேட்டு ஓடிவருகிறவர்களிடம் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவர் கைக்கு வந்த நோட்டுகளை வைத்துவிட்டு, மீதியை வாங்காமலே வளையத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினார். "சார், மீதி" என்று தெருமுனை வரை போய்ப் பார்த்தாள். ஆளைக் காணோம்.

கையில் மீதிப் பணத்தோடு அங்கேயே நின்றாள். வெட்கமாக இருந்தது. சாயங்கால விலை யாருக்கு? இன்றைக்குப் பூ இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்று கைவீசிப் போகக்கூடியவர்களுக்கு. ஓடிவருகிறவனுக்கு எந்தக் கடையிலும் சாயங்கால விலை கிடையாது, தன் கடையிலும் கிடையாது. மெஷினுக்கும் இதுதான் தெரிந்திருக்கிறது. அது காலி சீட்டை நினைத்துக் கவலைப்படவில்லை, ஓடிவரப்போகிறவனுக்காகக் காத்துக்கொண்டிருக்கிறது.

இத்தனை நாள் துளைத்த 'ஏன்' தீர்ந்தது. தீர்ந்த சந்தோஷம் ஒரு நொடிகூட நிற்கவில்லை, அடுத்த கேள்வி வந்துவிட்டது. நான் யார்? கைவீசிப் போகிறவளா, ஓடுகிறவளா?

ஷட்டரைக்கூட முழுதாக இறக்காமல் டிக்கெட்டம்மாளிடம் ஓடினாள். திரையைத் திருப்பிக் காட்டினாள் அவள். இரண்டு டிக்கெட்டுக்கு இருந்த பணம் இப்போது ஒன்றுக்குத்தான் காணும். "காலையில வர்றேன்" என்று எழுந்து வீட்டுக்கு நடந்தாள். வழியெல்லாம் புருஷனிடம் எப்படிச் சொல்வது என்றே யோசித்தாள்.

அவர் சமையலறையில் தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். சுற்றி வளைக்காமல் சொன்னாள். "என்னங்க, நான் தப்புப் பண்ணிட்டேன். ஒரு டிக்கெட்டுக்குத்தான் பணம் இருக்கு. ரெண்டு பேர்ல ஒருத்தர்தான் போக முடியும். நீங்க சொன்னப்பவே கேட்டிருக்கணும். நீங்களே போயிட்டு வாங்க." சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

அவர் கடைசித் தட்டையும் துடைத்து அடுக்கினார். பிறகு, "உனக்குப் போடு. எனக்குப் போட்டாச்சு" என்றார்.

"என்னது?"

"அன்னிக்கு சண்டை போட்டோமே, மறுநாளே போட்டுட்டேன். அந்தம்மா கிட்டதான். உன்கிட்ட சொல்லவேணாம்னு நான்தான் சொல்லி வெச்சேன்."

"பணம் ஏது?"

"பல்லுக்கு வெச்சிருந்தது."

அவளுக்குக் கோபம் வரவேண்டிய இடம் இது, வரவும் செய்தது. "என்னை ஒரு வார்த்தை கேக்கல. போட்டதுதான் போட்டீங்க, எனக்கும் சேர்த்துப் போட்டிருக்கக் கூடாதா?"

"எனக்குப் பல்லு ஒரு பக்கம்தானே போயிருக்கு. அந்தப் பணம் ஒருத்தருக்குத்தான் வந்தது" என்று சொல்லிப் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை. அவரும் விட்டுவிட்டார். மெதுவாகச் சொன்னார்: "நீ இப்படியே பாத்துக்கிட்டே இருந்துடுவியோன்னு பயமா இருந்தது. நம்மள்ல ஒருத்தராவது அவகிட்ட போய்ச் சேரணும்ல."

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அடுத்தது தோன்றியது.

"பாப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அதான் அவ என்னைக் கேக்கறதை விட்டுட்டாளா?"

அவர் துடைத்த தட்டையே எடுத்து மறுபடி துடைத்தார்.

காலையில் டிக்கெட்டம்மாள் ஜன்னலைத் திறப்பதற்கு முன்பே அவள் போய்ப் படியில் உட்கார்ந்திருந்தாள். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு கடையின் திறக்கிற நேரத்தில். "அவர் போற பிளேன்லயே ஒண்ணு போடும்மா" என்று கார்டை மேசைமேல் வைத்தாள்.

"ராத்திரி இன்னும் கொஞ்சம் ஏறி..." என்று ஆரம்பித்தாள் டிக்கெட்டம்மாள்.

"விலையைச் சொல்லாத. போடு."

முகத்தைத் திருப்பிக்கொண்டு ஜன்னல் வழியே தெருவைப் பார்த்தாள். பின்னால் விசைகள் தட்டப்படும் சத்தம் கேட்டது. ரகசிய எண்ணைப் போடச் சொன்னபோது போட்டாள், திரையைப் பார்க்கவில்லை. மடித்து நீட்டிய காகிதத்தை அப்படியே பைக்குள் வைத்தாள்.

அன்று சாயங்காலம் வாளிகளை வாசலுக்கு நகர்த்தும்போது மகள் கூப்பிட்டாள். டாக்டர் சொன்னதைச் சொன்னாள், கால் வீங்கியிருப்பதைச் சொன்னாள். டிக்கெட் பற்றி இன்றும் கேட்கவில்லை.

பூக்கடைக்காரியே சொன்னாள். "டிக்கெட் போட்டுட்டேன்டி. அப்பாகூடத்தான் வர்றேன்."

மகள் மெதுவாகக் கேட்டாள்.

"இறங்கிடுச்சாம்மா? எவ்வளவு?"

"தெரியல."

"தெரியலையா? எப்படித் தெரியாம இருக்கும்?"

"நான் கேக்கல."

லைன் போய்விட்டதோ என்று அவள் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். இருந்தது. திரும்பக் காதில் வைத்தபோது மகள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"அம்மா," என்றாள் மகள், "உனக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?"