ஒகாயோவில் முந்நூறு குடும்பங்கள்

1992ஆம் ஆண்டு ஒக்டோபர் கடைசியில், அமெரிக்காவின் ஒகாயோ மாநிலத்தில், நாங்கள் ஆறு யாழ்ப்பாணத்தார் சேர்ந்து முந்நூறு குடும்பங்களை உண்டாக்கினோம். ஒரே பின்னேரத்தில், பேனையால். இன்றைக்கும் விருந்துக்கு வந்த யாராவது கருத்துக்கணிப்பு அப்படிச் சொல்லுது இப்படிச் சொல்லுது என்று தொடங்கினால் நான் எழும்பிக் குசினிக்குள் போய்விடுவேன்.

நாங்கள் இருந்தது கனடாவில். அந்த ஒஃபிஸ் வெக்ஸ்போர்ட் என்ற இடத்தில் ஒரு தளபாடக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. இருபத்தெட்டு ரெலிபோன், இருபத்தெட்டுக் கதிரை. அமெரிக்கர்களின் வீடுகளுக்கு அழைத்து, என்ன சவர்க்காரம் பாவிக்கிறீர்கள், நாய்க்கு என்ன சாப்பாடு போடுகிறீர்கள் என்று கேட்டுப் படிவம் நிரப்புவதுதான் வேலை. அந்த வருடம் ஒகாயோவின் தலைநகரான கொலம்பஸிலிருந்து ஒரு கணிப்புக் கொம்பனி பெரிய வேலையொன்று தந்தது. ஜனாதிபதித் தேர்தலில் ஒகாயோ யாருக்கு வோட்டுப் போடப்போகிறது? புஷ்ஷுக்கா, கிளின்ரனுக்கா, நடுவில் விலகிப் போய்த் திரும்பி வந்த பெரோவுக்கா? எண்ணூறு வீடுகளைக் கேட்டு எழுதவேண்டும். கேட்கப்போன எனக்கோ அமெரிக்காவில் வோட்டு இல்லை, கனடாவிலும் இல்லை, இலங்கையில் இருந்த வோட்டை எவன் போட்டானோ அதுவும் தெரியாது.

சும்மா சொல்லவில்லை. நான் யாழ்ப்பாணக் கச்சேரியில், அதுதான் அரசாங்க அலுவலகத்தில், எழுதுவினைஞராக இருந்தவள். எண்பத்தோராம் ஆண்டுத் தேர்தலில் ஒரு வாக்குச்சாவடியில் எனக்கு வேலை. அரசாங்கக் கட்சியின் ஆள், முன்பின் தெரியாத ஒருவன் வந்து என் மேசையிலிருந்த வாக்குச்சீட்டுக் கட்டைத் தூக்கிக்கொண்டு போய், மூலையில் குந்தியிருந்து புள்ளடி புள்ளடியாகப் போட்டான். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். மாதமுடிவில் சம்பளமும் எடுத்தேன். எங்கள் ஆட்கள் மட்டும் என்ன திறமா? என் சொந்தத் தம்பி ஒரு தேர்தலில் ஏழு கள்ள வோட்டுப் போட்டுவிட்டு, செத்துப்போன எந்தெந்தக் கிழவர்களின் பெயரில் போட்டான் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தான். எனக்கு அப்போதே அவனைப் பார்க்க அரியண்டமாக இருந்தது.

இருந்தாலும் வெக்ஸ்போர்ட் வேலை எனக்கு வேண்டும். என் கணவர் இரத்தினவேலும் மகள் சாம்பவியும் இலங்கையில், வெள்ளவத்தையில் ஒரு வாடகை அறையில் மூன்று வருடமாகக் காத்துக்கிடந்தார்கள். ஆம்பிளை போனால் வழியில் பிடிபடுவான் என்று எல்லாருமாகச் சேர்ந்து என்னை முதலில் அனுப்பினார்கள். இங்கே அகதியாக ஏற்றாயிற்று, அவர்களைக் கூப்பிட விண்ணப்பமும் போட்டாயிற்று. நிரந்தர வேலைக் கடிதம் ஒன்றை நவம்பர் முடியமுதல் கொண்டுவந்தால் கோப்பு நகரும், இல்லாவிட்டால் அடுத்த வருடம் பார்ப்போம் என்று லோயர் சொல்லிவிட்டார். நான் விட்டுவரும்போது சாம்பவிக்கு ஆறு வயது. இப்போது ஒன்பது. ரெலிபோனில் அவள் பிறத்தியாரோடு கதைப்பதுபோல, "நீங்கள் சுகமா இருக்கிறீங்களா" என்று கேட்கத் தொடங்கியிருந்தாள்.

அந்தக் கடிதம் வினோதனின் கையில் இருந்தது. வினோதன் எங்கள் சூப்பவைசர். பதினாலு வயதில் இங்கே வந்தவன், இப்போது இருபத்தேழு. ஆங்கிலம் தண்ணீர் மாதிரி ஓடும். வெள்ளைக்கார மனேச்சர் அவன் ரைப் பண்ணி நீட்டுவதையெல்லாம் வாசிக்காமலே கையெழுத்துப் போடுவார். நாற்பத்தொரு வயதில் எனக்கு "அன்ரி" என்று பட்டம் தந்தவனும் அவன்தான்.

மூன்று கிழமை நான் நேர்மையாகத்தான் கேட்டேன். பாதிப்பேர் என் உச்சரிப்பைக் கேட்டதுமே வைத்துவிடுவார்கள். கதைத்தவர்கள் நன்றாகக் கதைத்தார்கள். ரொலீடோவில் ஒரு மனிதர், தொழிற்சாலை பூட்டி வேலை போனவர், பெரோவுக்குத்தான் என்றார். பின்னாலிருந்து அவருடைய மனைவி, தான் கிளின்ரனுக்கு என்று சத்தம் போட்டாள். மகன் புஷ்ஷாம். ஒரு வீட்டில் மூன்று வோட்டு! எங்கள் பக்கத்தில் வீட்டுக்காரன் எந்தப் பக்கமோ வீடும் அந்தப் பக்கம். நான் இதைச் சொன்னபோது பக்கத்துக் கதிரை பஸ்ரியன் மாஸ்டர், அதுதான் அங்கே குடும்பங்கள் உருப்படுவதில்லை என்றார்.

ஒக்டோபர் நடுவில் எங்கள் நகரத்துப் பேஸ்போல் அணியான புளூ ஜேஸ் இறுதிப் போட்டிகளுக்குப் போனது. மாலை நேரங்களில் வேலைக்கு வரவேண்டிய பொடியள் பாதிப்பேர் வரவில்லை. வென்ற பிறகு ஊர்வலம் பார்க்கப் போனார்கள். வாக்களிப்புக்கு முந்திய சனிக்கிழமை எண்ணிப் பார்த்தால் ஐந்நூறு படிவம்தான் தேறியது. அடுத்த நாள் கொலம்பஸுக்கு அனுப்பவேண்டும்.

மத்தியானம் வினோதன் மற்ற எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, எங்கள் ஆறு பேரை மட்டும் மறித்தான். கதவைச் சாத்தினான். ஆளுக்கு ஐம்பது வெற்றுப் படிவம். யாரும் எடுக்காத ரெலிபோன் இலக்கங்களின் பட்டியலையும் தந்தான். நூறில் நாற்பது கிளின்ரன், முப்பத்தெட்டு புஷ், மிச்சம் பெரோ, மற்றதெல்லாம் உங்கள் கற்பனை என்றான். பீட்சாவும் எடுப்பித்திருந்தான்.

நான் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினேன்.

"தம்பி, உது கள்ள வோட்டு. என்னாலை ஏலாது."

அவனுக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நான் படி இறங்கிப் போயிருப்பேன். சிரித்துக்கொண்டே என் தோளில் கைவைத்தான்.

"அன்ரி, ஆரும் இதாலை சாகப்போறதில்லை. உங்கட கடிதத்தை நான்தானே ரைப் பண்ணவேணும். நீங்கள் இதை நிரப்புங்கோ, நான் அதை நிரப்பிறன்."

இருந்தேன். வேறென்ன செய்ய? வெட்கம் கெட்ட கை, பேனையை எடுத்தது.

முதல் பத்துக்குத்தான் கை கூசியது. அதன் பிறகு சீ, சொல்லவே நா கூசுகிறது, ஒருவித உசார் வந்துவிட்டது. எல்லாருக்கும் வந்தது. பஸ்ரியன் மாஸ்டர் கிளீவ்லாந்தில் ஒருவருக்கு நாலு பெண்பிள்ளைகளைக் கொடுத்துவிட்டு, பாவம் மனுசன் எப்படிக் கரையேற்றப்போறானோ என்று கவலைப்பட்டார். நான் அக்ரனில் ஒரு வாத்தியாரை எழுதினேன், சின்சினாட்டியில் ஒரு தபாலதிபரை எழுதினேன். எல்லாருடைய வீட்டிலும் மாமி இருந்தா. சில வீட்டில் மாமாவும் இருந்தார். எல்லாரும் ஞாயிறு தவறாமல் தேவாலயம் போனார்கள். புருஷன் யாருக்கோ பெண்சாதியும் அவனுக்கே. விவாகரத்து என்று ஒரு கட்டம் இருந்தது, விதவை என்று ஒரு கட்டம் இருந்தது. கண்காணாத ஒருத்தியின் தலையில் அதை எழுதக் கை வரவில்லை. நல்ல நாளும் அதுவுமாக ஒருத்தியின் தாலியை அறுப்பானேன் என்றுதான் எனக்கு இருந்தது. மற்ற ஐந்து பேருக்கும் அப்படியே இருந்திருக்கிறது. ஆளையாள் கேட்காமலே முந்நூறு வீட்டையும் மங்களமாக வைத்தோம்.

செவ்வாய்க்கிழமை தேர்தல் நடந்தது. ஒகாயோ கிளின்ரனுக்குப் போனது. நூற்றுக்கு இரண்டு வோட்டுக்கூட வித்தியாசமில்லை. பெரோ ஐந்தில் ஒரு பங்கு எடுத்தார். நாங்கள் எழுதியது அச்சொட்டாகப் பொருந்தியது! நான் உண்மையாகக் கேட்டு எழுதிய படிவங்களில் புஷ் வென்றிருந்தார். பகலில் வீட்டில் இருந்து ரெலிபோன் எடுக்கிற கிழடுகளைத்தானே நான் கேட்டது. மனேச்சர் டோனற் பெட்டிகளோடு வந்து எல்லாருக்கும் கைகொடுத்தார். இந்த ஒஃபிஸின் துல்லியம் என்று ஒரு பேச்சும் பேசினார். வினோதன் பணிவாகத் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். எனக்குத் தந்த டோனற்றைக் கடிக்காமலே குப்பைக்கூடையில் போட்டேன்.

அடுத்த கிழமை கொலம்பஸிலிருந்து ஒரு பெண் வந்து இறங்கினாள். கணிப்புக் கொம்பனியில் படிவங்களைச் சரிபார்ப்பவள். ஐம்பது வயது இருக்கும், நரைத்த தலை, நேரான பார்வை. பெட்டியைத் திறந்து எங்கள் முந்நூறையும் மேசையில் அடுக்கினாள். வினோதனையும் ஆறு பேரையும் கூப்பிட்டாள்.

அமைதியாகத்தான் சொன்னாள். ஒகாயோவில் நாலு வீட்டுக்கு ஒரு வீட்டில் ஒரு ஆள் தனியே இருக்கிறதாம். இந்த முந்நூறில் அப்படி ஒருவர்கூட இல்லை. விவாகரத்து இல்லை, விதவை இல்லை. புருஷனும் பெண்சாதியும் வேறு வேறு ஆளுக்கு வோட்டுப் போடும் வீடு ஒன்றாவது இல்லை. எல்லா வீட்டிலும் ஒரு மாமி. தான் ஒகாயோவில் பிறந்து வளர்ந்தவள், இப்படி ஒரு ஒகாயோவைக் கண்டதில்லை என்றாள்.

வினோதன் கணினி, அச்சுப்பிழை என்று ஏதோ அளந்தான். பஸ்ரியன் மாஸ்டர் கூரையைப் பார்த்தார். எனக்கோ பயம் மட்டுமில்லை. கடைசியில் ஒரு மனுசி வந்திருக்கிறாள், இவளுக்காவது இது அருவருக்கும் என்று ஒரு ஆறுதல். கடிதம் போகும் என்று தெரியும். சாம்பவியின் முகம் கண்ணுக்குள் வந்தது. ஆனால் எண்பத்தொன்றில் வாயை மூடிக்கொண்டு இருந்தவள் இதிலும் மூடிக்கொண்டு இருந்தால் நான் என்ன பிறவி?

கைக்குக் கிடைத்த என் படிவங்களைத் தூக்கி அவள் முன்னால் போட்டேன்.

"இந்த ஐம்பது வீட்டையும் யாரும் கேட்கவில்லை. நான் இருந்து எழுதினேன். எல்லாம் பொய்," என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன்.

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு மணிக்கூட்டைப் பார்த்தாள்.

"அது எனக்கு முதல் பக்கத்திலேயே தெரிந்துவிட்டது. எங்கள் கணிப்பு மட்டும்தான் சரியாக வந்திருக்கிறது, பத்திரிகைக்காரர்கள் சந்தோஷமாக இருக்கிறார்கள். ஆனால் யாராவது கோப்பைத் திறந்து பார்த்தால் இந்தக் குடும்பங்களை நம்பமாட்டார்கள். வெள்ளிக்கிழமைக்குள் திருத்தித் தாருங்கள்."

அவ்வளவுதான். எப்படித் திருத்துவது என்று ஒரு தாளில் எழுதியும் வைத்திருந்தாள். ஐம்பதில் பன்னிரண்டு பேர் தனியே இருக்கவேண்டும். எட்டு விவாகரத்து. ஐந்து விதவை. மூன்று பிரிந்து வாழ்வது. மாமிமார் ஐம்பது வீட்டுக்கு ஒருவருக்கு மேல் வேண்டாம். வோட்டில் மட்டும் கைவைக்கவேண்டாம். தாளைத் தந்துவிட்டு விமானத்துக்குப் போய்விட்டாள். தூ! நான் இவளிடம் போய் வாயைத் திறந்தேனே.

வினோதன் என்மேல் கோபப்படவில்லை. அந்த நாசமறுவானுக்குக் கோபமே வராது.

"பாத்தீங்களே அன்ரி, உண்மையைச் சொல்லி என்னத்தைக் கண்டனீங்கள்? அவளுக்கும் உதுதான் பிழைப்பு. கெதியா முடியுங்கோ, வெள்ளிக்கிழமை உங்கட கடிதம் கையிலை."

புதுப் படிவங்களில் திருப்பி எழுதத் தொடங்கினோம். பஸ்ரியன் மாஸ்டர் முதலாவது புருஷனைச் சாகடிக்கமுதல் சிலுவை போட்டுக்கொண்டார். அதன் பிறகு அவருக்குக் கை பழகிவிட்டது. நான் அக்ரன் வாத்தியாரின் பெண்சாதியை விவாகரத்து எழுதிக் கலைத்துவிட்டேன். சின்சினாட்டித் தபாலதிபரைக் கொன்றேன். மாமிமாரை ஒவ்வொருவராக வீட்டைவிட்டு வெளியேற்றினேன். என் புருஷனையும் பிள்ளையையும் என்னிடம் கொண்டுவந்து சேர்க்கவென்று, ஊர்பேர் தெரியாத சனங்களைப் பிரித்துப் பிரித்து எழுதிக்கொண்டிருந்தேன். சனங்களே இல்லைத்தான். இருந்தும் ஒவ்வொரு புள்ளடிக்கும் வாய்க்குள் கசந்தது.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு ஒன்றே ஒன்று மிச்சம் இருந்தது. பிரிந்து வாழ்வதில் ஒன்று குறைந்தது, அதற்குக் கையில் ஒரு படிவம்தான் கிடந்தது. டேட்டன் நகரம். பதில் சொன்னவர் பெண், வயது நாற்பத்தொன்று. கணவன், நாற்பத்துநாலு. ஒரு மகள், ஒன்பது. அந்தச் சனிக்கிழமை கற்பனை வற்றிப்போன நேரத்தில் என் கை எங்களையே எழுதிவிட்டிருக்கிறது. எழுதியது நினைவுகூட இல்லை. ஒரு கராஜும் கொடுத்திருந்தேன்.

வேறு யாருடையதையாவது மாற்றித் தரமுடியுமா என்று மற்றவர்களிடம் கேட்டுப் பார்த்தேன். எல்லாரும் முடித்துக் கட்டி வைத்துவிட்டார்கள். வினோதன் பெட்டியோடு வாசலில் நின்றான்.

பிரிந்து வாழ்கிறார் என்ற கட்டத்தில் புள்ளடி போட்டேன். வீட்டில் எத்தனை பேர் என்ற இடத்தில் ஒன்று என்று எழுதினேன்.

மத்தியானம் கடிதம் வந்தது. மனேச்சரின் கையெழுத்து, கொம்பனி முத்திரை, எல்லாம் ஒழுங்காக இருந்தது. திருமதி யோகராணி இரத்தினவேல் நம்பிக்கைக்கும் நேர்மைக்கும் உரிய நிரந்தர ஊழியர் என்று இருந்தது. வாசித்ததும் என் முகத்தில் நானே காறித் துப்பவேண்டும் போல் இருந்தது. கிழித்து அவன் மேசையில் எறியவேண்டும் என்றும் இருந்தது. லோயரின் ஒஃபிஸ் அஜின்கோர்ட்டில். நாலு மணிக்குப் பூட்டிவிடுவார்கள். பஸ்ஸில் இடம் கிடைத்தது. மடிப்பு விழாதபடி கடிதத்தை மடியில் தட்டையாக வைத்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு போனேன்.