நடுவில் படுக்க ஒரு மெத்தை

அன்று காலை அந்தப் படுக்கையறையில் யார் யார் எங்கெங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். ஜன்னலோரம், மடக்கு நாற்காலியில், சாய்நாத். செம்பூரிலிருந்து வந்தவன், பத்மஜாவின் மைத்துனன், காலமான கணவருக்குத் தம்பி. அலமாரியை ஒட்டி, முக்காலியில், பத்மஜா. வாசற்படியில் பாதி உள்ளே பாதி வெளியே என்று மோடாவைப் போட்டுக்கொண்டு, எதிர் ஃபிளாட் விஜயலட்சுமி மாமி. தரையில் சம்மணமிட்டு, மடியில் அட்டையும் பேனாவுமாக, மெத்தைக் கம்பெனி அனுப்பிய ஜீஷான். அறையை அடைத்துக்கொண்டு கிடந்த கட்டிலில் மட்டும் யாரும் உட்காரவில்லை. உட்காரக் கூடாது என்று ஜீஷான் சொல்லியிருந்தான்.

"அரை மணி நேரம் பாரமில்லாம கிடக்கணும் ஆண்ட்டி. ஆளு எந்திரிச்ச பொறவு ஃபோம் தன்னால மேல வரும். வந்துட்டுன்னா நல்ல மெத்தை. வரலைன்னா கம்பெனி மாத்திக் குடுக்கும். அவ்ளோதான் விஷயம்."

ஆக, நான்கு பேரும் ஒரு மெத்தை எழுந்து வருவதற்காகக் காத்துக்கொண்டிருந்தார்கள்.

"ஆஸ்பத்திரி வாசல்ல உக்காந்துண்டிருக்கற மாதிரி இருக்கு" என்றாள் விஜயலட்சுமி மாமி.

பத்மஜாவுக்குச் சிரிப்பு வரவில்லை. நல்ல தூக்கம் என்று ஒன்று அவள் கண்ணில் பட்டுப் பல நாளாயிற்று. இன்ஷூரன்ஸ் ஆபீஸில் அவள் மேஜைக்கு வரும் கடிதங்களுக்குத் தேதி, பார்வை எண், பொருள் என்று வரிசை தப்பாமல் பதில் போடுகிறவள், போன வாரம் ஒரு கடிதத்தில் தன் பெயரையே எழுத மறந்து கையெழுத்திட வேண்டிய இடத்தில் வெறுமனே கோடு இழுத்து அனுப்பிவிட்டாள். அதன் பிறகுதான் கம்பெனிக்குப் புகார் கொடுத்தாள்.

அவளுக்கு வேண்டியிருந்தது பெரிய விஷயம் ஒன்றுமில்லை. ஒரு படுக்கையின் நடுவில், கைகாலை நீட்டி, உருளாமல் தூங்க வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து அவள் சுவரோரம். ஜகந்நாதன் கதவோரம். மனிதர் கெட்டவரில்லை, கனமானவர். பஞ்சு மெத்தையோ தென்னைநார் மெத்தையோ, எது வாங்கினாலும் ஆறு மாதத்தில் அவர் பக்கம் பள்ளம் விழுந்துவிடும். சுவரோரம் படுத்தவள் தூக்கத்தில் சரிந்து சரிந்து, விடியும்போது அவர் முதுகில் மூக்கு இடிக்க எழுந்திருப்பாள். "மெத்தையா இது, அப்பளம்" என்று அவரும் தினமும் முதுகைப் பிடித்துக்கொண்டு எழுந்திருப்பார். கடை கடையாக ஏறி இறங்கியும் அவருக்குப் பிடித்த மெத்தை ஒன்று மாட்டுங்காவில் கிடைக்கவே இல்லை.

போன மழைக்காலத்தில் அவர் போனார். வருஷாப்தீகம் முடிந்த கையோடு, பத்மஜா மாமியை அழைத்துக்கொண்டு கடைக்குப் போனாள். கடைக்காரன் கால்மாட்டில் பிளாஸ்டிக் விரித்து, "படுத்துப் பாருங்க மேடம், வெக்கப்படாதீங்க" என்றான். ஒவ்வொன்றாகப் படுத்துப் பார்த்தாள். ஸ்பிரிங் மெத்தை அவளைத் தூக்கிப் போட்டது. லேடெக்ஸ் பரவாயில்லை, ஆனால் ரப்பர் வாசனை. ஓரத்தில் கிடந்த கெட்டி ஃபோம் மெத்தையில் படுத்ததும் முதுகு தானாக நீண்டது. கடைக்காரன் மெத்தையின் ஒரு பக்கம் தண்ணீர் டம்ளரை வைத்துவிட்டு மறுபக்கம் முழங்காலால் குத்திக் காட்டினான். தண்ணீர் அசையவில்லை.

"பாத்தீங்களா? சார் அந்தப் பக்கம் எவ்வளவு புரண்டாலும் உங்களுக்குத் தெரியவே தெரியாது."

"சார் இல்லை" என்றாள் பத்மஜா.

"அப்ப சிங்கிளே போதுமே மேடம்?"

"வேண்டாம். டபுள்தான்."

படிக்கட்டில் இறங்கும்போது மாமி, "ஒருத்திக்கு எதுக்குடி இத்தனை அகலம்?" என்று கேட்டாள். "நடு வேணும் மாமி" என்றாள் இவள். தலையணை ஒன்றே ஒன்று வாங்கினாள். பழைய மெத்தையை முனிசிபாலிட்டி லாரிக்குக் கொடுத்தனுப்பினாள்.

முதல் சில நாட்கள் சொர்க்கம். அப்புறம் ஒரு விடியலில், நடுவில் படுத்தவள் கதவோரம் சரிந்து கிடந்தாள். விரிப்பை இழுத்துவிட்டுப் பார்த்தபோது அந்தப் பக்கம் லேசாகக் குழிந்திருந்தது. கனவில் உருண்டிருப்போம் என்று நினைத்தாள். மறுநாளிலிருந்து சுவரோரமே படுத்தாள். குழி ஆழமாயிற்று. நீளவாக்கில் விழுந்து, தோள் இருக்கும் இடத்தில் அகன்று, குதிகால் இருக்கும் இடத்தில் குறுகியது. தலைமாட்டில், தலையணையே இல்லாத இடத்தில், வட்டமாக இன்னொரு சின்னக் குழி. காலையில் அதில் உள்ளங்கையை வைத்தால் வெதுவெதுப்பாக இருந்தது. இதைப் புகாரில் அவள் எழுதவில்லை. 'ஒரு பக்கம் அமுங்கியுள்ளது' என்று மட்டும் எழுதினாள்.

"டைம் ஆயிட்டு" என்று ஜீஷான் எழுந்தான்.

விரிப்பை உருவினான். பையிலிருந்து நைலான் கயிற்றை எடுத்து, ஒரு முனையைச் சாய்நாத் கையில் கொடுத்து, மெத்தைக்குக் குறுக்கே விறைப்பாக இழுத்துப் பிடிக்கச் சொன்னான். கயிற்றுக்கும் குழியின் அடிக்கும் நடுவே ஸ்டீல் ஸ்கேலை நிறுத்தினான். குனிந்து பார்த்தான். அட்டையில் எழுதினான். மறுபடி குனிந்து பார்த்தான். எழுதியதை அடித்தான்.

"என்னப்பா, கண்ணாடி போட்டுக்கறயா?" என்றாள் மாமி.

ஜீஷான் ஸ்கேலிலிருந்து கையை எடுத்துவிட்டான். ஸ்கேல் விழவில்லை, ஃபோமில் குத்திட்டு நின்றது. ஜன்னல் வழியே நல்ல வெயில் அதன்மேல் விழுந்தது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மெல்ல, கிணற்றுக்குள் இறங்குகிற வாளிபோல, கயிற்றுக்குக் கீழே இறங்கியது. கட்டில் சட்டம் ஒருமுறை முனகியது. பத்மஜாவுக்கு அந்த முனகல் தெரியும். முதலில் உட்கார்ந்து, ஒரு மூச்சு விட்டு, பிறகு காலைத் தூக்கி மேலே வைக்கும்போது வருகிற முனகல்.

சாய்நாத் கயிற்றை விட்டுவிட்டான்.

"ஆண்ட்டி," ஜீஷானின் குரல் இறங்கியிருந்தது. "இந்தப் பக்கம் யாரு படுக்கா?"

"யாரும் இல்லை."

"இல்ல, ஃபாரத்துல வெயிட்டு எழுதணும். அதுக்குத்தான் கேக்கேன்."

"யாரும் இல்லைப்பா."

அவன் ஸ்கேலை எடுக்கக் கையை நீட்டி, நீட்டிய கையை மடக்கிக்கொண்டான். "நான் தாராவியில பொறந்து வளந்தவன் ஆண்ட்டி. ஒரு ரூம்ல ஒம்பது பேரு படுப்போம். பக்கத்துல ஆளு படுத்தா எப்படி இருக்கும்னு எனக்குச் சொல்லித் தர வேண்டாம்" என்று சொல்லி, கதவுப் பக்கமாக நகர்ந்து நின்றான்.

மாமிதான் ஆரம்பித்தாள்.

"சாய்நாத், அண்ணாவுக்கு சய்யா தானம் ஒழுங்காப் பண்ணினயோ?"

போனவருக்கு அங்கே படுத்துக்கொள்ள வேண்டுமே என்று கட்டில், மெத்தை, தலையணை, குடை, செருப்பு எல்லாம் சேர்த்து, சடங்கு செய்துவைக்கும் வாத்யாருக்குக் கொடுக்கிற தானம் அது. பத்மஜா அன்று கூட்டத்தில் ஓரமாக நின்றதால் சரியாகப் பார்க்கவில்லை.

"பண்ணாம என்ன மாமி? பன்னெண்டாம் நாள் ஜம்முனு பண்ணினோம்."

"எந்தக் கடை மெத்தை?"

சாய்நாத் கழுத்தைச் சொறிந்தான். "கடையெல்லாம் ஏது? அது காரியம் பண்ணின ஹாலோட மெத்தை. வாத்யாரே வெச்சிருக்கார். அதுல தண்ணியும் துளசியும் விட்டுத் தத்தம் பண்ணிடுவா. அப்புறம் சுருட்டி அங்கேயே வெச்சுடுவா. பாம்பேல எல்லாரும் இப்படித்தான் பண்றா மன்னி! தானம் வாங்கற கட்டிலையெல்லாம் போட அவராத்துல இடம் வேண்டாமா? அவரே ஒண்ணரை ரூம்ல இருக்கார்."

"நமக்கு அடுத்தாப்பல வந்தவாளுக்கும் அதே மெத்தையா?" என்று கேட்டாள் பத்மஜா.

"அதேதான்."

"நமக்கு முன்னாடி?"

சாய்நாத் மொபைலை எடுத்து வாத்யாரைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டான். வாத்யார் எங்கோ தாணே பக்கம் ரயிலில் இருந்தார். சத்தத்துக்கு நடுவே குரல் வந்தது.

"அதுக்கென்ன இப்போ? எத்தனையோ வருஷமா எல்லாரும் அதுலதான் போறா. இதுவரைக்கும் ஒருத்தர்கூடத் திரும்பி வந்து கம்ப்ளெயின்ட் பண்ணினதில்லை."

"ஒரு மெத்தைல எத்தனை பேர்தான் படுப்பா ஓய்?" என்று வாசற்படியிலிருந்தே கத்தினாள் மாமி. சுரங்கம் வந்ததோ என்னவோ, லைன் அறுந்துபோயிற்று.

பத்மஜா அந்த மெத்தையைக் கற்பனை செய்து பார்த்தாள். சிவப்புக் கோடு போட்ட உறை, நடுவில் அப்பளமாக. அதில் ஒருவர்மேல் ஒருவர் இடம் தேடுகிற கூட்டம். அந்தக் கூட்டத்தின் ஓரத்தில், முதுகைப் பிடித்துக்கொண்டு, உட்காரக்கூட இடமில்லாமல் ஜகந்நாதன். ரயிலில்கூட மூன்று பேர் ஸீட்டில் இடித்துக்கொண்டு நாலாவதாக உட்கார மாட்டார், நின்றுகொண்டே வருவார். அவர் எங்கே போவார்? தெரிந்த வீட்டுக்குத்தானே வருவார்?

ஜீஷான் தொண்டையைச் செருமினான். "ஆண்ட்டி, ஒண்ணும் யோசிக்காதீங்க. ஆழம் ரூலுக்கு மேலேயே இருக்கு. நான் ரிப்போர்ட் எழுதிடுதேன். டெம்போ வந்து இதத் தூக்கிட்டுப் போயிரும், புதுசு ஒண்ணு எறக்கிரும்."

"எழுது, எழுது" என்றான் சாய்நாத் அவசரமாக. "மன்னி, விட்டது சனியன்."

"இதை எங்கே கொண்டுபோவா?" என்று கேட்டாள் பத்மஜா.

"கோடவுனுக்கு. மேல்துணிய மாத்தி, ஆவி காட்டி, செகண்ட்ஸ்ல போட்டுருவாங்க. மான்குர்த், சீத்தா கேம்ப் பக்கம் கல்யாண வீட்டுக்காரங்க விரும்பி எடுப்பாங்க. சீப்பால்லா..." சொல்லிக்கொண்டே வந்தவன் கட்டிலைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

நிறுத்திய இடத்திலிருந்து பத்மஜா தொடர்ந்து யோசித்தாள். மான்குர்தில் ஒரு புது மணப்பெண். சுவரோரம் படுக்க வைப்பார்கள். புருஷன் ராத்திரி ஷிப்ட் போயிருப்பான். அவள் தனியாகத் தூங்கிச் சரிந்து சரிந்து, விடியும்போது ஒரு முதுகில் மூக்கு இடிக்க எழுந்திருப்பாள். யார் முதுகு என்று தெரியாது. சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். இவளுக்காவது யாரென்று தெரியும்.

"வேண்டாம்" என்றாள். "மாத்த வேண்டாம். கம்ப்ளெயின்ட்டை வாபஸ் வாங்கிக்கறேன்."

"பைத்தியமா மன்னி உங்களுக்கு? இதோடயா இருக்கப் போறேள்?"

"இதோட இல்லை, சாய்நாத். இது அவருக்கு. நீ அன்னிக்குக் குடுக்காததை நான் இன்னிக்குக் குடுக்கறேன். கட்டில், மெத்தை, இந்த அறை. அவருக்குப் பிடிச்ச மெத்தை இப்பத்தான் கிடைச்சிருக்கு." முக்காலியிலிருந்து எழுந்தாள். "எனக்கு ஹால்ல ஒரு சிங்கிள் போட்டுக்கறேன்."

"டபுள்தான் வேணும்னு ஒத்தைக்கால்ல நின்னாயே?" என்றாள் மாமி. குரலில் கேலி பாதிதான் இருந்தது.

"நடு வேணும்னேன் மாமி. சிங்கிள்ல நடு மட்டும்தான் இருக்கு."

ஜீஷான் அட்டையைப் பையில் போட்டான். புகாரை மொபைலிலேயே போடலாம், ஆனால் வாபஸ் வாங்குவதற்குக் கையெழுத்தோடு காகிதத்தில் கடிதம் வேண்டும், அது கம்பெனி ரூல் என்று சொல்லிவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டே படியிறங்கினான். ஸ்கேலைக் கேட்கவில்லை. சாய்நாத்துக்கும் செம்பூரில் திடீரென்று வேலை வந்துவிட்டது. மாமி கொஞ்ச நேரம் இருந்து, குக்கர் வைக்க வேண்டுமென்று எழுந்துபோனாள்.

பத்மஜா சமையலறை மேஜையில் உட்கார்ந்து எழுதினாள். தேதி. பார்வை எண். பொருள்: புகாரைத் திரும்பப் பெறுதல். 'மேற்படி மெத்தையில் குறை ஏதும் இல்லை. அமுக்கம் உபயோகத்தால் ஏற்பட்டது.' உபயோகிப்பவர் பெயரும் எடையும் எழுத வேண்டிய இடத்தில் சற்று நின்றாள். பிறகு தெளிவான எழுத்தில் ஜகந்நாதன் என்று எழுதி, டாக்டர் எத்தனையோ முறை குறைக்கச் சொன்ன எடையையும் எழுதினாள். கீழே இன்னொரு பத்தி: 'அதே ரகத்தில் ஒற்றை மெத்தை ஒன்று தேவை. ஒருவர் மட்டும் படுப்பதற்கு.' இந்த முறை கையெழுத்தை மறக்கவில்லை.

கடிதத்தை மடித்து உறையிலிட்டு, கோந்து தடவி ஒட்டினாள். ஈரக் கோந்து தூக்கிக்கொள்ளாமலிருக்க உறையை மெத்தைக்கு அடியில் சற்று நேரம் வைத்தெடுப்பது அவள் பழக்கம். கால் தானாகப் படுக்கையறைக்கு நடந்தது. உள்ளே போன பிறகுதான் எங்கே வந்திருக்கிறோம் என்று உறைத்தது. கதவோரம் குனிந்து, மெத்தையின் ஓரத்தைத் தூக்கினாள். கனத்தது. உறையைச் செருகினாள்.

காத்திருந்த நேரத்தில் புடவை மாற்றி, பையை எடுத்துக்கொண்டாள். வந்து உறையை உருவியபோது இஸ்திரி போட்டதுபோல் தட்டையாக, நன்றாக ஒட்டியிருந்தது. வெதுவெதுப்பாகவும் இருந்தது. கன்னத்தில் ஒருமுறை வைத்துப் பார்த்தாள்.

வெளியே போகும் பழக்கத்தில் ஃபேன் ஸ்விட்சை அணைத்தாள். இரண்டடி நடந்தவள் திரும்பி வந்து, அதை மறுபடி போட்டுவிட்டு, தூங்குகிறவர் இருக்கிற அறையைச் சாத்துவதுபோல் சத்தமில்லாமல் கதவைச் சாத்தினாள். உள்ளே கட்டில் ஒருமுறை முனகி, அடங்கியது.

தபாலாபீஸில் கூட்டமில்லை. பதிவுத் தபால் என்று சொல்லி உறையை நீட்டினாள். கவுண்டரில் இருந்த பெண் ஸ்டாம்ப்பை ஒட்டி, முத்திரையை ஓங்கிக் குத்தி, பின்னால் இருந்த சாக்கில் போட்டாள்.