போன் மட்டும் மலையிறங்கும்

கம்பத்து ஹேமாவதிக்குச் சொந்தபந்தம் இரண்டு வகை. ஒன்று பிறந்ததில் வந்தது, இன்னொன்று ‘முறைத்தண்ணி’யால் வந்தது. ஒரே போர்வெல்லில் நாலு திராட்சைத் தோட்டக்காரர்கள் சண்டையில்லாமல் முறைவைத்துத் தண்ணீர் பாய்ச்ச உதவும் மென்பொருள் அது. யார் வேண்டுமானாலும் சும்மா எடுத்துக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம். அதைப் பார்த்துக்கொள்ளும் ஏழு பேரும் இரண்டு வருடமாக மெயிலில்தான் பேசி வந்தார்கள்.

தேனி சூரியபிரகாஷுக்குத்தான் பொறுக்கவில்லை. “பதில் வர்றதுக்குள்ள கேட்ட கேள்வியே மறந்துபோகுதுக்கா. பேசாம எல்லாரும் சாட்டுக்குப் போயிருவோம்” என்றான்.

ஓட்டு வைத்தார்கள். சாயங்காலத்துக்குள் ஆறு ஓட்டு, ஆறும் சாட்டுக்கு. ஏழாவது ஆளான அபிதா, மேகமலை ஏலக்காய்த் தோட்டத்தில் எடை எழுதுகிறவள், பதில் போடவில்லை. ஆறு பேர் சொன்ன பிறகு ஒருத்திக்காகக் காத்திருப்பானேன் என்று ஹேமாவதியே முடித்துவைத்தாள்.

சாட் கல்யாண வீடு மாதிரி கலகலத்தது. அபிதா மட்டும் வரவே இல்லை. நேரில் பார்த்திராத பெண்தான். ஆனால் ஹேமாவதி கண்ணுக்குத் தப்பிய பிழைகளையெல்லாம் தேடிப்பிடித்து, மனம் நோகாமல் சொல்கிறவள். கோபமோ, ஒரேயடியாகப் போய்விட்டாளோ என்று ஹேமாவதிக்குச் சோறு இறங்கவில்லை.

எட்டாம் நாள் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது.

“தாயி, மேகமலை பஸ் டிரைவர் அய்யாத்துரை பேசுறேன். அபிதாப் பிள்ளை போனு எங்கிட்ட இருக்கு. தொலைஞ்சா கூப்பிடச் சொல்லி உறையில உங்க நம்பர எழுதி வச்சிருக்கு.”

“அய்யோ, அவளுக்கு என்னாச்சுண்ணே?”

“ஒண்ணும் ஆகல. அது இருக்குற எடத்துல டவர் கெடையாதுல்ல? காலையில போன எங்கிட்டக் குடுத்துவிடும். சின்னமனூர் வந்ததும் டிங்கு டிங்குன்னு மெயிலு வந்து விழும், அது எழுதி வச்சதும் தானாப் போகும். சாயங்காலம் கொண்டுபோய்க் குடுப்பேன். ரெண்டு வருசமா இதான். ஒரு வாரமாச் சத்தத்தையே காணோம். கேட்டா, ‘அவுக சாட்டுக்குப் போயிட்டாகண்ணே, அங்க அவுக பேசுறப்பவே நானும் கூட இருக்கணும்’ங்குது. முகமே சரியில்ல. அங்கன எல்லாரும் நல்லாத்தான இருக்கீக?”

ஹேமாவதிக்குத் தன் மேலேயே ஆத்திரமாக வந்தது. அபிதாவின் பதில் எப்போதும் மறுநாள்தான் வரும். ஏன் என்று ஒரு நாளாவது கேட்டிருக்கலாம்.

விஷயத்தைச் சாட்டில் சொன்னாள். “மெயிலுக்கே திரும்பிருவோம்க்கா” என்று முதலில் எழுதியவன் சூரியபிரகாஷ்தான்.

மன்னிப்புக் கேட்டு ஹேமாவதி அனுப்பிய மெயிலுக்கு மறுநாள் பதில் வந்தது. “எனக்காகச் சாட்ட மூடிறாதீகக்கா. பேசுனதுல முக்கியமானத மட்டும் மெயில்ல போட்டாப் போதும்.”

அன்றிலிருந்து சட்டம் மாறியது. அரட்டை சாட்டில். முடிவெல்லாம் மெயிலில், அதுவும் மேகமலை பஸ் இரண்டு தடவை வந்துபோன பிறகு. தினமும் எழுதி அனுப்பும் வேலையைச் சூரியபிரகாஷ் யாரும் கேட்காமலே ஏற்றுக்கொண்டான். முக்கியமானதோடு அவன் நிறுத்தவில்லை. முதல் மெயிலின் கடைசியில் இப்படி இருந்தது: “ஈஸ்வரபாண்டி அண்ணன் தானும் சேந்து எழுதுன நம்ம சாப்ட்வேரக் கையில வச்சுக்கிட்டே, முறை மாறிப் பக்கத்துத் தோட்டத்துக்கு நாள் பூராத் தண்ணி பாய்ச்சிட்டாக. எல்லாரும் சிரிச்சோம்.”

மறுநாள் அபிதா பதில் எழுதியிருந்தாள்.

“நானும் சிரிச்சேன். சத்தம் கேட்டு எங்க தோட்டத்து லைன் வீட்டுல எல்லாரும் எட்டிப் பாத்தாக.”