அவசரப்படுத்தினால் இரண்டு சீட்டு

கதிர்வேலின் கையிலிருந்த வாய்க்கரிசித் தட்டை மெதுவாக வாங்கித் தன் மகன் மிதுனிடம் நீட்டினார் திருமூர்த்தி மாமா. சண்முகப்ரியா குறுக்கே புகுந்து தட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணனே போடட்டுங்க மாமா."

"அவனுக்கு என்ன அம்மணி தெரியும்? அரிசியக் கொட்டிப்போட்டு முழிச்சுட்டு நிப்பான். எங்கக்காளுக்குக் கடைசிக் காரியம், நல்லபடியா நடக்கோணுமல்ல?"

மாமா கெட்டவர் இல்லை. நேற்று மாலை நெஞ்சுவலி என்று உட்கார்ந்த அக்கா எழுந்திருக்கவே இல்லை என்ற சேதி கேட்டதிலிருந்து பல்லடத்துக்கும் சரவணம்பட்டிக்குமாக அலைந்துகொண்டிருக்கிறார். ஆனால் நாற்பது வயதுக் கதிர்வேல் அவர் கண்ணுக்கு இன்னும் நாலு வயதுப் பிள்ளைதான். பிறவியிலேயே புத்தி வளர்ச்சி குறைவு என்று டாக்டர் சொன்னார், மாமா அதோடு விட்டுவிட்டார். அம்மா தெய்வாத்தாள் விடவில்லை.

ஞாயிறு மதியமானால் சாப்பாட்டு மேசையில் சீட்டுக் கச்சேரி. அம்மா, அண்ணன், ப்ரியா, பக்கவாதம் வந்து எண்களெல்லாம் மறந்துபோன பக்கத்து வீட்டு அப்துல் முத்தலிப். கைச்சீட்டை முதலில் தீர்ப்பவருக்கு ஜெயம். ஆட்டம் ஒன்று, சட்டம் ஆளுக்கொன்று. கதிர்வேல் சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு போட்டால் போதும். முத்தலிப் ஆட்டினா கிளாவரா என்று சீட்டிலுள்ள உருவம் பார்த்துப் போடுவார். ஐ.டி. கம்பெனியில் கை நிறையச் சம்பளம் வாங்கும் ப்ரியாவுக்கு உருவமும் பொருந்த வேண்டும், எண்ணும் கூடியிருக்க வேண்டும். அதற்கு ஈடாக அவளுக்குச் சீட்டு குறைவு. யார் ஜெயிப்பார்கள் என்று கடைசிவரை சொல்ல முடியாது.

எல்லோருக்கும் பொதுச் சட்டம் ஒன்றுதான். அடுத்தவர் முறையில் வாய் திறக்கக் கூடாது, கை நீட்டக் கூடாது. அவசரப்படுத்தினால் இரண்டு சீட்டு அபராதம். கதிர்வேல் ஒரு சீட்டைப் போடுவதற்குள் உலையே கொதித்துவிடும். ப்ரியா பெருமூச்சு விட்டால்கூட அம்மா விடமாட்டாள்.

"அவன் யோசிக்கறான் அம்மணி. ரெண்டு சீட்டு எடு."

அதனால் அண்ணனால் முடியும் என்பதில் ப்ரியாவுக்கு எள்ளளவும் சந்தேகமில்லை.

"முறைன்னா என்னன்னு நம்ம எல்லாரையும் விட எங்கண்ணனுக்கு நல்லாத் தெரியுமுங்க மாமா. நீங்க கொஞ்ச நேரம் பேசாம நின்னாப் போதும்." தட்டைக் கதிர்வேலிடம் கொடுத்தாள். "அண்ணா, அம்மாவ மூணு சுத்துச் சுத்தி வந்து, வாயில அரிசி போடு. உன்ற முறை."

கதிர்வேல் சுற்றினான். ஒவ்வொரு சுற்றிலும் கால்மாட்டில் நின்று, வழியில் சரிந்து கிடந்த மாலைகளைப் பார்த்துப் பார்த்துக் காலெடுத்து வைத்தான். கூட்டத்தில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். ப்ரியா திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். அவன் குனிந்து, ஒரு மணி சிந்தாமல் அம்மாவின் உதட்டில் அரிசியை வைத்தான். ப்ரியாவுக்குப் பெருமையாக இருந்தது. அழுகையும் வந்தது.

அடுத்து அவள் போட வேண்டும். கதிர்வேல் நகரவில்லை. தட்டைக் கீழே வைத்துவிட்டு அம்மாவின் தலைமாட்டில் சம்மணமிட்டு உட்கார்ந்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எந்திரி கண்ணு, நேரமாச்சு. அடுத்தவங்க போடோணும்," என்றார் மாமா.

"அம்மா முறைங்க," என்றான் கதிர்வேல்.

அத்தனை வருஷமும் மேசையில் அவன் போட்டதும் அடுத்துப் போடுவது அம்மாதான். ப்ரியாவுக்கு இது தோன்றவே இல்லை. அவன் முகத்தில் துளி அவசரம் கிடையாது. அவள் பேசாமல் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

மாமா ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வாசலுக்குப் போய், கிளப்பி வைத்திருந்த அமரர் ஊர்தியை அணைக்கச் சொன்னார்.