பற்சக்கரத்தில் ஒரு புள்ளி

சலூன்காரரின் கை ஒரு வேலையை முடித்துவிட்டால் அடுத்த நொடியே பிரஷ்ஷைத் தேடும். கழுத்தில் ஒட்டியிருக்கும் முடியைத் தட்டிவிடுகிற மெத்தென்ற பிரஷ். இதற்காக அந்தக் கை மூளையைக் கேட்பதில்லை. இந்த ஒரு விஷயத்தில் இரண்டுக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது. காய் நறுக்கி முடித்தால் பலகையைத் தட்டிவிடுவார். ஒருமுறை துக்க வீட்டில் பக்கத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தவரின் காலரைத் தட்டிவிட்டார். "சரியா இருக்கா பாருங்க" என்று பின்பக்கம் கண்ணாடி பிடிக்காததுதான் பாக்கி.

அந்தக் கைதான் அன்று மத்தியானம் அவருடைய காருக்கு எமனாக வந்தது.

கார் பழசு. எவ்வளவு பழசு என்றால், உதிரி பாகம் கேட்டுப் போனால் கடைக்காரர் "அடடே, இன்னும் இருக்கா?" என்று தூரத்துச் சொந்தத்தைப் பற்றி விசாரிப்பதைப் போல விசாரிப்பார். வீட்டின் முன்பக்கம் இரண்டு கடைகள். ஒன்றில் அவருடைய சலூன், இன்னொன்றில் அவர் மனைவியின் தையல் கடை. நடுவில் இருக்கும் சந்தில் கார் நிற்கும். ஊரெல்லாம் டெய்லரம்மா என்று அழைக்கும் அவர் மனைவி அதற்கு 'மூத்தவ' என்று பெயர் வைத்திருந்தார்.

"என்னங்க, சாப்பிட வர்றீங்களா, இல்ல மூத்தவளோடயே இருந்துக்கிறீங்களா?"

டெய்லரம்மாவின் கோபத்தில் நியாயம் இருந்தது. போன வாரம் பேண்டு வாத்தியக் குழுவுக்குத் தைத்த சிவப்புக் கோட்டுகளைக் கொண்டு போகும்போது, கொட்டும் மழையில், பாலத்தின் நட்டநடுவில் மூத்தவ நின்றுவிட்டாள். கோட்டுகளைத் தலையில் வைத்துக்கொண்டு அந்த அம்மா இறங்கி நடந்தார். சிவப்புச் சாயம் கோட்டுகளின் வெள்ளைக் கரையிலெல்லாம் இறங்கிவிட்டது. அத்தனை கரையையும் பிரித்துப் புதிதாக வைத்துத் தைக்க வேண்டி வந்தது. சலூன்காரர் முடி உலர்த்தும் மெஷினை எடுத்துப் போய், வண்டியைப் பாலத்தோர டீக்கடை வரை தள்ளி, அங்கே கரண்ட் வாங்கி நனைந்த ஒயர்களை உலர்த்தி வண்டியை வீட்டுக்கு ஓட்டி வந்தார். அதை ஒரு சாதனையாகச் சொல்லிக்கொண்டும் வந்தார். அதுதான் தப்பாகப் போயிற்று.

"லீவு அன்னைக்கு சாயங்காலம் எங்க அண்ணன் வர்றார்" என்றார் டெய்லரம்மா. அண்ணன் கார் ஷோரூமில் வேலை பார்ப்பவர். "அதுக்குள்ள உங்க மூத்தவ தானா ஓடி சந்தை விட்டு வெளிய வரணும். இனிமே நடுவழியில நிக்க மாட்டான்னு நீங்க உறுதி சொல்லணும். இல்லைன்னா அண்ணன் கொண்டு போயிடட்டும். நான் புதுசு வாங்கிக்கிறேன்."

ஓட்டிக் காட்டுவது சுலபம். உறுதி சொல்வதுதான் கஷ்டம். இஞ்சினுக்குள் டைமிங் பெல்ட் என்று ஒரு ரப்பர் பட்டை உண்டு. வயதான பட்டை என்றைக்கு அறும் என்று யாருக்கும் தெரியாது. அறுந்தால் இஞ்சினோடு கணக்கு முடிந்தது. பட்டையை மாற்றாமல் உறுதி சொன்னால் பொய் சொன்னதாகும். மனைவியிடம் பொய் சொல்லித் தப்பித்த அனுபவம் அவருக்கு இல்லை. முயன்ற அனுபவம் நிறைய இருந்தது.

ஆகவே லீவு நாள் காலையிலேயே முன்சக்கரத்தைக் கழற்றி, வண்டியைத் தாங்கிகளில் ஏற்றி, இஞ்சினின் மேல்மூடியையும் பக்க மூடியையும் திறந்துவிட்டார். போனில் பார்த்த வீடியோவில் ஒரு மகானுபாவர் வழி சொல்லியிருந்தார். பழைய பட்டையைக் கழற்றும் முன் மேல் பற்சக்கரத்திலும் கீழ் பற்சக்கரத்திலும் வெள்ளைப் பெயிண்டால் அடையாளம் வைத்துக்கொண்டால் போதும், புதுப் பட்டையை அதே இடத்தில் மாட்டிவிடலாம். பெயிண்ட் இல்லை. தையல் மேஜையில் வெள்ளையாக ஒரு கட்டி இருந்தது. எடுத்து அழகாகக் கோடு போட்டார். பட்டையைக் கழற்றினார். நல்லபடியாக வந்தது. வேலை முடிந்த திருப்தியில் ஒரு பெருமூச்சு விட்டார்.

கை பிரஷ்ஷை எடுத்தது.

கொஞ்ச நேரத்தில் டெய்லரம்மா சந்துக்குள் எட்டிப் பார்த்தார். "என்னங்க, என் சாக்பீஸைப் பார்த்தீங்களா? காலர் வெட்டணும்."

சலூன்காரர் ஒரு கையால் சாக்பீஸை நீட்டினார். முகம் வெளிறி இருந்தது.

"இதுலயா கோடு போட்டீங்க? ஐயோ, இது அழியறதுக்குன்னே செஞ்சதுங்க! தைச்சு முடிச்சதும் துணியில தெரியக் கூடாதுன்னுதானே வாங்குறோம். ஊதினாலே போயிடும்."

"ஊதலை."

"பின்ன?"

டெய்லரம்மாவின் பார்வை அவருடைய இன்னொரு கைக்குப் போனது. அதில் பிரஷ் இருந்தது.

"தட்டிவிட்டீங்களா?"

"தட்டிவிட்டேன்."

"பவுடரும் போட்டு விட்டிருக்கலாமே."

சலூன்காரர் கவிழ்த்து வைத்த வாளியின் மேல் உட்கார்ந்துவிட்டார். மற்ற நாளாக இருந்தால் டெய்லரம்மா இன்னும் நாலு வார்த்தை சேர்த்துச் சொல்லிவிட்டுப் போயிருப்பார். ஆனால் தினமும் ஊரார் தலையை இப்படி அப்படித் திருப்பி அதிகாரம் செய்கிற மனிதர், வாளிமேல் சின்னப் பிள்ளையைப் போல உட்கார்ந்திருந்ததைப் பார்த்து அவருக்கு என்னவோ செய்தது.

"சரி, கோடு போனா என்ன? ஒரு குத்துமதிப்பா மாட்டுங்களேன்."

"குத்துமதிப்பா மாட்டினா செத்துடுவாம்மா. இதோ பாரு. மேல இருக்கிற சக்கரம் வால்வைத் திறந்து மூடுது. கீழ இருக்கிற சக்கரம் பிஸ்டனை ஏத்தி இறக்குது. வால்வும் பிஸ்டனும் ஒரே இடத்துக்குத்தான் வந்து போகுது. இது வர்றப்ப அது விலகணும், அது வர்றப்ப இது விலகணும். கொஞ்சம் பிசகினாலும் சாவியைத் திருப்பின உடனே ஒண்ணை ஒண்ணு இடிச்சு, உள்ள எல்லாம் வளைஞ்சு..."

டெய்லரம்மா இரண்டு சக்கரங்களையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"ஊசி கீழ வந்து மேல ஏறப் போறப்ப, கொக்கி சுத்தி வந்து நூலைப் பிடிக்கணும். முந்தினா தையல் விழாது. பிசகினா ஊசி கொக்கியில பட்டு உடைஞ்சிடும். அதுதானே?"

"அதேதான்."

"அப்ப இது என் மெஷின்தாங்க!"

இத்தனை வருடம் அந்த வண்டியைப் பார்த்த கண்ணால் அவர் இப்போது பார்க்கவில்லை. புடவை முந்தானையைச் செருகிக்கொண்டு இஞ்சின்மேல் குனிந்தார். "என் மெஷின்ல ஊசிக் கம்பியில சின்னதா ஒரு கோடு இருக்கும். செஞ்சவங்களே போட்டது. என்னைக்காவது யாராவது கழட்டிட்டு முழிப்பாங்கன்னு அவங்களுக்குத் தெரியும். இதைச் செஞ்சவங்க மட்டும் போடாம விட்டிருப்பாங்களா? தேடுனீங்களா?"

தேடவில்லை. வீடியோக்காரர் தேடச் சொல்லவில்லை.

தையல் மெஷினின் குட்டி விளக்கு வந்தது. பழைய டூத்பிரஷ்ஷும் மண்ணெண்ணெயும் வந்தன. கழுத்துப் பிரஷ்ஷை மட்டும் டெய்லரம்மா வாங்கித் தன் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்தார். "வேலை முடியற வரைக்கும் இது என்கிட்ட இருக்கட்டும்."

மேல் சக்கரத்தில் படிந்திருந்த அழுக்கு தார் மாதிரி இருந்தது. தேய்க்கத் தேய்க்கக் கரைந்து வழிந்தது. ஒரு பல்லின் அடியில் டூத்பிரஷ் நின்றது.

"விளக்கைக் கொஞ்சம் இந்தப் பக்கம்."

புள்ளி. கடுகளவு. உலோகத்தில் அடித்துப் பதித்தது. அதற்குக் கொஞ்சம் தள்ளி, பின்னால் இருந்த தகட்டில் ஒரு சின்ன வெட்டு.

கீழ் சக்கரத்தைக் குனிந்தும் பார்க்க முடியவில்லை, படுத்தும் பார்க்க முடியவில்லை. சலூன்காரர் கடைக்கு ஓடிப் போய், வாடிக்கையாளருக்குப் பின்மண்டையைக் காட்டும் கண்ணாடியைக் கொண்டுவந்து அடியில் பிடித்தார். கண்ணாடிக்குள், அழுக்குக்கு நடுவில், இன்னொரு புள்ளி தெரிந்தது. பக்கத்தில் அம்புக்குறி ஒன்று.

சலூன்காரர் கண்ணாடியை நகர்த்தாமல் பிடித்துக்கொண்டு அந்தப் புள்ளியையே பார்த்தார். அவர் வெட்டிய எந்தத் தலையும் ஒரு மாதத்துக்கு மேல் அவர் பேரைச் சொன்னதில்லை. ஆனால் எங்கோ ஒரு பட்டறையில், பெயர் தெரியாத ஒரு ஆள், இந்தச் சக்கரம் எந்த வண்டிக்குப் போகும், அது எந்தச் சந்தில் நிற்கும், அங்கே எந்த முட்டாள் வாளிமேல் உட்கார்ந்து விழிப்பான் என்று எதுவுமே தெரியாமல், அந்த முட்டாளுக்காக ஒரு புள்ளியை வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அது இத்தனை வருடமும் இருட்டில் சுற்றிக்கொண்டே இருந்திருக்கிறது. மழையில், வெயிலில், பாலத்தின்மேல், இவர்கள் போட்ட சண்டைகளுக்கெல்லாம் அடியில்.

வால்வில் இடிக்காமல் இருக்கப் பிஸ்டன்களைப் பாதி வழியில் இறக்கி ஒதுக்கிவிட்டு, மேல் சக்கரத்தின் புள்ளியை வெட்டுக்கு நேராகக் கொண்டுவந்தார்கள். பிறகு கீழ் சக்கரத்தின் புள்ளியை அம்புக்குறிக்கு நேராகத் திருப்பினார்கள். புதுப் பட்டையை மாட்டி இறுக்கியாயிற்று. இனி கையால் சுற்றிப் பார்க்க வேண்டும்.

"நான் சுத்துறேன்" என்றார் டெய்லரம்மா. "கைச்சக்கரம் சுத்திப் பழகின கை. உள்ள நூல் சிக்கினாக்கூட எனக்குத் தெரியும்."

"எங்கயாவது தட்டினா நிறுத்திடு. பலம் போடாத."

"எனக்கேவா?"

ஸ்பேனர் மெதுவாகத் திரும்பியது. மேல்மூடி இல்லாததால் உள்ளே எல்லாம் தெரிந்தது. தேன் நிறத்தில் எண்ணெய் மினுங்கியது. நீளத் தண்டு ஒன்று உருள, அதன் புடைப்புகள் ஒவ்வொன்றாகக் குனிந்து, ஒவ்வொரு வால்வாக அழுத்தி, விட்டு விலகின. ஒன்று இறங்கும்போது ஒன்று ஏறியது. ஒன்றுக்கொன்று வழிவிட்டன. எங்கும் தட்டவில்லை. கீழ் சக்கரம் இரண்டு சுற்று சுற்ற, மேல் சக்கரம் ஒரே சுற்று சுற்றி வந்து, கடுகளவுப் புள்ளி அந்த வெட்டுக்கு நேராக வந்து நின்றது. மறுபடி சுற்றினார். மறுபடி அங்கேயே வந்து நின்றது.

"உள்ள இவ்வளவு சுத்தமாவா இருக்கும்?" டெய்லரம்மாவின் குரல் கோயிலுக்குள் பேசுவதைப் போலத் தணிந்திருந்தது. "வெளிய பார்த்தா குப்பை வண்டி மாதிரி இருக்கா."

"எண்ணெய் மாத்திக்கிட்டே இருந்தேன்ல."

"என் நல்ல துணியெல்லாம் கரித்துணியாக்கினது இதுக்குத்தானா?"

"ஆமா."

திட்டு வரும் என்று சலூன்காரர் தோளைக் குறுக்கினார். வரவில்லை. டெய்லரம்மா இன்னொரு முறை சுற்றினார். அந்தச் சுற்றுக்கு அவசியமே இல்லை. சும்மா பார்ப்பதற்காகச் சுற்றினார்.

"ஓடுறப்ப இது எவ்வளவு வேகமாங்க நடக்கும்?"

"கண்ணுக்கே தெரியாது. நீ ஒரு வார்த்தை திட்டி முடிக்கறதுக்குள்ள நூறு தடவைக்கு மேல வந்து போயிடும்."

"இதுக்கு மேல உக்காந்துக்கிட்டா நாம சண்டை போட்டோம்?" என்றார் டெய்லரம்மா. கொஞ்சம் வெட்கப்பட்ட மாதிரி இருந்தது.

மூடிகளைப் போட்டு, சக்கரத்தை மாட்டி, வண்டியைத் தரையில் இறக்கியபோது சந்தின் வாயில் மச்சானின் புது வண்டி வந்து நின்றது. வந்ததே தெரியவில்லை, அவ்வளவு அமைதி. மச்சான் இறங்கினார். சென்ட் வாசனை அவருக்கு முன்னால் இறங்கியிருந்தது.

"என்ன மாப்பிள்ளை, மூத்தவளுக்கு வழியனுப்பு விழாவா?" என்றவர் தங்கையைப் பார்த்துத் திகைத்தார். "என்னம்மா இது, முகமெல்லாம் கரி?"

"அண்ணா, உங்க வண்டியைத் திறங்க. உள்ள பார்க்கணும்."

மச்சான் பெருமையாகத் திறந்தார். உள்ளே பெரிய கறுப்பு பிளாஸ்டிக் மூடி ஒன்று எல்லாவற்றையும் மறைத்துக்கொண்டு படுத்திருந்தது.

"இதைக் கழட்டினா புள்ளி தெரியுமா?"

"எந்தப் புள்ளி? ஐயையோ, அதையெல்லாம் நாம தொடக் கூடாதும்மா. வாரண்டி போயிடும்."

டெய்லரம்மா புது வண்டிக்குள் உட்கார்ந்து பார்த்தார். சீட்டின் தையலைக் கட்டைவிரலால் நீவினார். "நல்ல வண்டி அண்ணா. பொய் சொல்ல மாட்டேன். தையல் ஒரு இடத்துலயும் விலகலை." பிறகு இறங்கி வந்து மூத்தவளின் சாவியை எடுத்தார்.

சலூன்காரர் சாவிக்காகக் கையை நீட்டினார். கையால் சுற்றியது வேறு, சாவி போடுவது வேறு. "நான் வேணா..."

"சுத்தினது யாரு? நானே போடுறேன்."

சாவி திரும்பியது. இஞ்சின் முனகியது. நின்றது. மச்சான் அனுதாபத்தோடு தொண்டையைச் செருமினார். சலூன்காரர் கண்ணை மூடிக்கொண்டார். மூடிய கண்ணுக்குள் அந்தத் தண்டு உருண்டது, வால்வுகள் குனிந்தன, புள்ளி சுற்றி வந்தது. சாவி மறுபடி திரும்பியது.

பிடித்துக்கொண்டது. ஒரு தடுக்கல் இல்லை, இருமல் இல்லை. நல்ல மெஷின் நீளத் தையலில் ஓடுகிற சத்தம்.

டெய்லரம்மா கண்ணாடியை இறக்கினார். "அண்ணா, உங்க வண்டியைக் கொஞ்சம் பின்னால எடுங்க. வழியை அடைச்சுக்கிட்டு நிக்குது."

புது வண்டி பின்வாங்கியது. மூத்தவ தானாக ஓடிச் சந்தை விட்டு வெளியே வந்தாள்.

"அப்ப நான் வந்தது?" என்றார் மச்சான்.

"மன்னிச்சுக்குங்கண்ணா. இவளைக் குடுக்கிறதா இல்ல. என்னைக்காவது புதுசு வாங்கினா உங்ககிட்டதான் வாங்குவேன். இப்ப பேண்டுக்காரங்க காத்துக்கிட்டிருக்காங்க."

"உனக்கும் தொத்திக்கிச்சா இந்த வியாதி?" மச்சான் தலையில் கை வைத்துக்கொண்டார். ஆனாலும் கோட்டுகளை ஏற்ற ஒரு கை கொடுத்தார்.

மறுபடி அதே பாலம். டெய்லரம்மா ஓட்ட, சலூன்காரர் சிவப்புக் கோட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கல்யாணமான நாளிலிருந்து அந்த வண்டிக்குள் இவ்வளவு நேரம் பேச்சில்லாமல் இருந்ததில்லை. கோபம் ஒன்றுமில்லை. இரண்டு பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"உறுதி சொல்லவே இல்லையே நீங்க" என்றார் டெய்லரம்மா, பாலத்தின் நடுவில்.

"பட்டைக்கு உறுதி சொல்றேன். மழைக்குச் சொல்ல மாட்டேன். ஒயரையும் மாத்திட்டு அப்புறம் சொல்றேன்."

"நாமளே மாத்தலாம்ல?"

அந்த 'நாமளே'யைக் கேட்டதும் சலூன்காரருக்கு ஒரு பெரிய வேலையை முடித்த திருப்தி உண்டாயிற்று. பெருமூச்சு விட்டார். கை எழுந்து டாஷ்போர்டின்மேல் எதையோ தேடியது.

"பையிலதான் இருக்கு" என்றார் டெய்லரம்மா, சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல். "கோட்டைக் குடுத்துட்டு வந்ததும் தர்றேன்."