மருந்து சோப்பு

நொச்சிக்குப்பம் சாலையோரத்தில் வைதேகி மீன் விற்கிறாள். பகலெல்லாம் வஞ்சிரமும் சங்கராவும் வெட்டுகிற கை, சாயங்காலமானால் நாலு வயது மகள் தன்ஷிகாவைக் குளிப்பாட்டும். குளிப்பாட்டுவதாவது! மருந்து சோப்பைப் பீர்க்கங்காய் நாரில் குழைத்து, கழுத்து, முழங்கை மடிப்பு என்று ஓர் இடம் விடாமல் தேய்த்து எடுத்துவிடுவாள். பால்வாடியில் ஒரு பிள்ளை மூக்கைப் பிடித்துக்கொண்டு தன்ஷிகாவை விட்டுத் தள்ளி உட்கார்ந்ததைப் பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து இந்தக் கூத்து.

கொஞ்ச நாளில் அரிப்பு வந்தது. மடிப்பெல்லாம் சிவந்து, தடித்து, சொறிந்து சொறிந்து நீர் வடிந்தது.

"கரப்பான்டி அது. மீனு குடுக்காதே" என்று குப்பமே சொன்னது. வைதேகி மீனை நிறுத்தினாள். குழம்பு வாசனைக்குத் தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்த பிள்ளைக்கு ரசஞ்சோறு. ஒருநாள் சட்டிக்குள் கைவிட்டதற்கு முதுகில் ஒன்று வைத்தாள். அழுதுகொண்டே சொறிந்ததற்குக் கையில் இன்னொன்று. அன்றைக்கு இன்னும் அழுத்தித் தேய்த்தாள்.

கடலிலிருந்து வந்த அவள் புருஷன் டில்லிபாபுதான் பதறினான். "புள்ள தோலு இன்னா இப்டி கீது? ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போ."

டாக்டரம்மா மடிப்புகளைப் பிரித்துப் பார்த்தார். "மீன் சாப்பிட்டா அதிகமாகுதா?"

"மீனே குடுக்கறதில்ல மேடம்" என்றாள் வைதேகி, பெருமையாக.

"நிறுத்தினதுல கொறஞ்சுதா?"

"இல்ல."

"குளிக்க என்ன போடுறீங்க?"

சோப்பைச் சொன்னாள். நாரையும் சொன்னாள்.

"இவளுக்கு இயல்பாவே வறண்ட தோலும்மா. இருக்கிற பசையையும் அந்த சோப்பும் நாரும் எடுத்துடுது. ரெண்டையும் விட்டுடுங்க. வெதுவெதுப்பான தண்ணி, சட்டுனு குளிப்பாட்டி, ஈரம் காயறதுக்குள்ள இந்த க்ரீமை நிறைய பூசுங்க. சிவந்த இடத்துல மட்டும் இந்தக் களிம்பு. மீனும் குடுங்க, ஒண்ணும் ஆகாது."

திட்டியிருந்தாலாவது தேவலை. பஸ்ஸில் வைதேகி, பாவி, படுபாவி என்று வழியெல்லாம் தன்னையே வைதுகொண்டு வந்தாள். பழியை மீன் மேல் போட்டுவிட்டு, செய்ததெல்லாம் அவள் கைதானே?

வந்ததும் நாரைக் குப்பையில் எறிந்தாள். வெந்நீர் விளாவினாள். அவள் கை பட்டதும் தன்ஷிகா கண்ணை இறுக மூடி, பல்லைக் கடித்துக்கொண்டு நின்றது. வைதேகி உள்ளங்கையால் மெதுவாகத் தண்ணீர் விட்டு, துண்டால் ஒற்றி, க்ரீமை எடுத்தாள். பிள்ளை ஒரு கண்ணைத் திறந்து பார்த்தது.

"தேய்க்கலியா?"

"இல்லம்மா. இனிமே தேய்க்கவே மாட்டேன்."

தன்ஷிகா தன் கையை மோந்து பார்த்தது. முகம் சுருங்கிவிட்டது. விடுவிடுவென்று ஓடிப்போய்க் குப்பையிலிருந்து நாரை எடுத்து வந்து நீட்டியது.

"தேய்ம்மா. நான் அழுவ மாட்டேன். நாத்தம் அடிச்சா உனக்கு என்னப் புடிக்காதில்ல?"

வைதேகி ஈரத்தோடு பிள்ளையை வாரி எடுத்து, கழுத்தில் மூக்கை வைத்து மோந்தாள், மோந்துகொண்டே இருந்தாள்.