சட்டைப்பைப் பூ

எதையாவது தொலைக்காவிட்டால் என் வீட்டுக்காரருக்குத் தூக்கம் வராது. காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்குப் பயந்து வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலத்தில், ரப்பர் தோட்டத்தில் எங்கள் லயத்து வீடுகளைச் சுற்றி முள்கம்பி வேலி. அடையாளக் கார்டைக் காட்டாமல் வாசலைத் தாண்ட முடியாது. அப்போது பார்த்து மனிதர் இரண்டு கார்டுகளைத் தொலைத்தார். ஒன்று லிங்கி ஆற்றோடு போயிற்று. இன்னொன்றை ஆடு தின்றது. மூன்றாவதைக் கொடுக்கும்போது, "இதுவும் போனா லோக்கப்புதான்" என்று சொல்லிவிட்டார் தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி. அப்படிப் போனவர்களில் சிலர் மாதக்கணக்கில் திரும்பவில்லை.

விடுவேனா? கார்டைச் சட்டைப்பைக்குள் வைத்துத் தைக்க உட்கார்ந்தேன். சும்மா தைத்தால் பிய்ந்துவிடும். பையின் வாயில் நெருக்கமாக நூல்களை இழுத்துக் கட்டி, ஊசியை ஒன்றின் மேலும் ஒன்றின் கீழுமாக, பாய் முடைவதுபோல் நுழைத்தேன். நடுவில் ஐந்து நூல்களைக் கால்போல் விரித்துப் போட்டு, சுற்றிச் சுற்றிப் பின்னி ஒரு சிவப்புப் பூ. துரை பங்களாவில் வேலை செய்தபோது மேசை விரிப்பில் பார்த்துக் கற்றது. மூன்று சாயங்காலம் பிடித்தது.

"பால் வெட்டுற ஆம்பளைக்குப் பூவா புள்ள? காலையில பேர் குடுக்கப் பெரட்டுல நிக்கிறவனெல்லாம் சிரிப்பான்!"

"சிரிக்கட்டும் லா. லோக்கப்புல ஒக்காந்து நீங்க அழாம இருந்தாப் போதும்."

மூன்று நாளும் இதே சண்டை. திங்கள் காலை, துண்டால் பூவை மறைத்துக்கொண்டுதான் கிளம்பினார்.

வாசலில் ஆண்களுக்கு ஒரு வரிசை, எங்களுக்கு ஒரு வரிசை. புதிதாக ஒரு போலீஸ் சார்ஜன் வந்திருந்தார். "கார்டு!" என்று கையை நீட்டினார். இவர் துண்டை விலக்கினார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. தொலையக்கூடாது என்று நினைத்தேனே தவிர, காட்ட வேண்டுமே என்று தோன்றவே இல்லை. என் புத்தியைச் செருப்பால்தான் அடிக்க வேண்டும்.

"முருகையாவ எனக்குத் தெரியும் துவான். கார்டு உள்ளதான் இருக்கு" என்றார் காவலுக்கு நின்ற நல்லசாமி.

சார்ஜன் கத்தியை எடுத்தார். இவர் இரண்டு கையாலும் பையைப் பொத்திக்கொண்டார்.

"வெட்டக்கூடாது துவான்."

"அப்ப போலீஸ் லாரியில ஏறு."

"ஏறுறேன்."

பாவி மனுஷன், நிஜமாகவே லாரியைப் பார்த்து நடந்தார்! வரிசையை விட்டு ஓடினேன்.

"கிறுக்குப் புடிச்சிருக்கா? வெட்டட்டும் விடுங்க! பூதானே, போனாப் போகுது!"

"மூணு நாளு கண்ணு நோவத் தச்சியே, அத வெட்ட விடவா?"

அத்தனை பேர் முன்னால் என்னைப் பார்த்துக் கத்தினார். கோபம் வந்திருக்க வேண்டும். அழுகைதான் வந்தது.

"ஒரு நிமிஷம் துவான்" என்று அவர் மார்போடு ஒட்டி நின்று, முடிச்சைப் பல்லால் கடித்தேன். பின்னாலிருந்த பெண்கள் "ஓஹோ!" என்று கூவினார்கள். நூலை ஒவ்வொரு சுற்றாக உருவினேன். "மெதுவா, அறுந்துடப் போகுது" என்கிறார் இவர்! சார்ஜன் வேறு பக்கம் திரும்பி நின்றுகொண்டார். வியர்வையில் நனைந்து கார்டு வந்தது. சார்ஜன் படத்தையும் முகத்தையும் பார்த்துவிட்டு, "போ" என்றார்.

பால் வெட்ட ரப்பர் காட்டுக்குப் போகும் வழியில் கேட்டேன். "பூ வேணாம்னு தினம் சண்டை போட்டீங்களே?"

"வேணாம்னுதான் சொன்னேன். நீ தச்சதுல இன்னொருத்தன் கத்தி வைக்கலாம்னா சொன்னேன்?"

சாயங்காலம் அவரே சட்டையைக் கொண்டுவந்து நீட்டினார். உருவிய சிவப்பு நூல் பைக்குள் பத்திரமாக இருந்தது. அதை மட்டும் தொலைக்கவில்லை.

பையின் வாய்க்குப் பொத்தான் வைத்தேன். கீழே பூவை முன்னைவிடக் கொஞ்சம் பெரிதாகவே பின்னினேன். மறுநாள் அவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு போனார்.